இஸ்திரிப் பெட்டி நின்ற இடம்

“கருகின துணியில கறையை எடுக்க ஒரு வழி சொல்லுங்க சாமி.”

கேட்டவர் மாசிலாமணி. ஊரில் யார் துணி கருகினாலும் தூக்கிக்கொண்டு ஓடி வருவது அவரிடம்தான். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்த்தவர். அவரே கேட்டால் வேறு யார் பதில் சொல்வது?

ஒட்டுச்சாமி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் இருக்கும் அந்த அம்மாளின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார். உடுத்தியிருப்பதும் ஒட்டுப்போட்ட சேலைதான். பெயருக்குக் காரணம் அதுவே.

மனைவி செண்பகவல்லி இறந்த மறுமாதம் மாசிலாமணி அவரிடம் வந்து நின்றார். “சோறு இறங்க மாட்டேங்கு சாமி. என்ன செய்யட்டும்?”

“அவங்க சேலையை எல்லாம் கொண்டு வாங்க. ஒரு போர்வை தைங்க.”

உபதேசம் அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் வந்து தைக்கிறார். ஏழு சேலை. ஆறு சேலை போர்வையில் ஏறிவிட்டது. நடுவில் வைக்க வேண்டிய ஏழாவதில்தான் வந்து விழுந்தது அடி.

மாசிலாமணி மடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து விரித்தார். இளம்பச்சைச் சுங்குடி. நட்ட நடுவில் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது.

“துணி கருகினா ஊருக்கே நீங்கதான வைத்தியர்” என்றார் சாமி.

“லேசா மஞ்சளிச்சிருந்தா எலுமிச்சம்பழச் சாறு விட்டு வெயில்ல போட்டாப் போயிரும். போட்டுப் பாத்தேன். இது அப்படி இல்ல சாமி. நூலே செத்துப்போச்சு.”

பழுப்பின்மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். துணி பொடிந்து விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

“ஊரான் சட்டைக்கு எல்லாம் ஒழுங்கா மடிப்பு வச்ச கை. கட்டினவ சேலையைக் கருக்கிருச்சு. இந்தக் கையை என்ன செய்யச் சொல்லுதீங்க?”

“முப்பத்தொரு வருசத்துல எத்தனை துணி கருகிருக்கு?”

“ஒண்ணு கிடையாது.”

அவ்வளவு துக்கத்திலும் அதைச் சொல்லும்போது மனிதருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. தொழில்காரர் அல்லவா.

“பேச்சு மூச்சு இல்லாமத் தேய்ப்பீங்களோ?”

“நானா? வாய் ஓயாது. பஸ்ஸுக்கு நிக்கிறவன் ஒருத்தன் விடாம அரசியல் பேசுவேன். அவ பக்கத்துல உக்காந்து தேச்சதை மடிச்சுக்கிட்டு இருப்பா. பேச்சு வாக்குல என் கை நின்னுட்டுன்னா, நிமிந்துகூடப் பாக்க மாட்டா. ‘கை’ம்பா. நானும் பெட்டியை நகத்திருவேன்.”

சொல்லிவிட்டு மாசிலாமணி தன் கையைப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே இப்போதுதான் கேட்டது. ஒரு துணிகூடக் கருகாத முப்பத்தொரு வருடப் பெருமை தன்னுடையதில்லை என்று தெரிந்துபோயிற்று. மிச்சமிருந்த ஒன்றும் போனது.

சாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“அன்னைக்குக் கை ஏன் நின்னுது?”

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மகள் கேட்கவில்லை, பக்கத்து வண்டிக்காரர் கேட்கவில்லை. எப்படிக் கருகியது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

“மத்த ஆறும் துவைச்சு வச்ச சேலை சாமி. இது துவைக்காதது. கடைசியா அவ உடுத்திருந்தது.”

செண்பகவல்லியைக் குளிப்பாட்டிக் கோடிச்சேலை உடுத்திய அன்று, கழற்றிய சேலையை வழக்கப்படி ஆற்றில் விட்டார்கள். அதற்குமுன் முந்தானையில் இரண்டு முழத்தை யாரும் அறியாமல் கிழித்து ஒளித்து வைத்துக்கொண்டார் மாசிலாமணி.

“உசுரோட இருக்கும்போது அவ சேலைக்கு ஒரு நாளும் பெட்டி போட்டதில்ல. ‘முதல்ல ஊரார் துணியை முடிங்க’ம்பா. ஊரார் துணி என்னைக்கு முடிஞ்சுது? செத்த பிறகு, ஒளிச்சு வச்ச ரெண்டு முழத்துல ஒரு முழத்தை வெட்டிப் போட்டேன். சூடு பட்டதும் அவ வாசனை வந்துச்சு சாமி. மஞ்சளும் வேர்வையும் அடுப்புப் புகையுமா, இப்பத்தான் அடுக்களையிலேருந்து எந்திரிச்சு வந்த மாதிரி. கண்ணை மூடிட்டேன். கருகல் நாத்தம் வந்த பிறகுதான் திறந்தேன். இருந்த வாசனையையும் நானே எரிச்சுட்டேன்.”

கருகிய துண்டை மடித்துக்கொண்டே, “‘கை’ன்னு சொல்ல யாரு இருக்கா” என்றார்.

சாமி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“இன்னொரு முழம் எங்க?”

மாசிலாமணி அது இருந்த மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். “இது வேண்டாம் சாமி. சூடு காட்டினா இதுலயும் போயிரும். அதுக்குப் பிறகு எனக்கு ஒண்ணும் கிடையாது.”

“கசங்கின துணியில தையல் நேரா ஓடாது.”

“அப்போ போர்வை நடுவுல ஓட்டையாவே கிடக்கட்டும்.”

“குளிரும்” என்றார் சாமி.

எழுந்து போய், மண்டபத்து மூலையில் இருந்த தன் இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரியைப் போட்டுக் கனல வைத்தார். பலகையில் பழைய கம்பளியை விரித்தார். பையைக் கேட்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்து ஊசியை எடுத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து மாசிலாமணி எழுந்தார். துண்டை விரித்து, நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, பெட்டியை வைத்தார்.

வாசனை வந்தது.

மஞ்சள். வேர்வை. புகை.

கை நின்றது.

அவர் சாமியைப் பார்த்தார். சொல்வார் என்று நம்பினார். சாமி ஊசியின் காதில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

“சாமி.”

சாமி நிமிரவில்லை.

மாசிலாமணி ஒரு மூச்சு இழுத்தார். போதவில்லை. இன்னொன்று இழுத்தார். அதுவும் போதவில்லை. எத்தனை இழுத்தாலும் போதாது என்று தெரிந்தது. கண்ணில் நீர் முட்டி, பச்சைத் துணியும் பெட்டியும் ஒன்றாகக் கலங்கின.

“கை” என்றார் மாசிலாமணி.

பெட்டி நகர்ந்தது.