ஒத்தைக் கட்டில்

"கட்டில் பலகை பெருசாப் போயிருச்சுங்க அம்மிணி," என்றார் ஆறுச்சாமி.

பூரணி டீ குடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெட்டினது யாரு?"

"நான்தானுங்க."

"அளந்தது?"

"அதும் நான்தானுங்க."

"அப்பப் பலகையைக் குத்தம் சொல்லாதீங்கண்ணா."

காங்கயம் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் பூரணியின் பட்டறை. வேனையே வீடாக்கி, ஊர் ஊராகப் போய்க்கொண்டே குடியிருக்க நினைக்கிறவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவளும் ஒரு பழைய பள்ளிக்கூட வேனில்தான் குடியிருந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும்.

வேலையைச் சொல்லிக்கொடுப்பாள். செய்துகொடுக்க மாட்டாள்.

ஆறுச்சாமி வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"ஆணி குடுக்கறேன். மெஷின் குடுக்கறேன். அளவு மட்டும் நீங்கதான் எடுக்கோணும். ஒருத்தரு படுக்கறதுக்கு இன்னொருத்தரு அளவெடுத்தா அதுக்குப் பேரு பாடை."

ஆறுச்சாமி சிரித்துவிட்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆறு மாதமாக அவர் சிரித்திருக்கவில்லை.

பூரணி இரும்பு டேப்பை நீட்டினாள்.

"வேண்டாமுங்க அம்மிணி. அது கையைக் கிழிக்கும். என்ற டேப்பு இருக்குது."

கழுத்தில் மாலை போலத் தொங்கிய தையல் டேப்பைத் தொட்டுக் காட்டினார். மஞ்சள் நிறம். நம்பரெல்லாம் பாதி அழிந்திருந்தது.

அவர் ஜன்னல் திரை தைக்கிறவர். இருபத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் அளவெடுத்தவர். அவர் தைத்த திரை ஒரு விரல் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

"யார் யாரு போறீங்க வேன்ல?"

"நான் மட்டுந்தானுங்க. சம்சாரம் போன ஐப்பசியில தவறிப்போயிட்டா. மயிலாத்தான்னு பேரு. மூணு நாள் காய்ச்சல்."

"எந்த ஊருக்கு?"

"எங்கயாச்சும். அந்த வீட்டுல எந்தப் பக்கம் திரும்புனாலும் அவதானுங்க இருக்கறா. அவ இல்லாத எடமா எனக்கு ஒண்ணு வேணும். இந்த வேன்ல அவ கால் வெச்சதே இல்லை."

வீட்டை விற்றுவிட்டார். வாங்கினவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்ச வருகிறார்கள். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவர் கிளம்பியாக வேண்டும். இல்லையென்றால் தம்பி வீட்டுப் பின்கட்டு அறை. அங்கே கட்டில் போட்டு, தலைமாட்டில் செம்பில் தண்ணீர்கூட வைத்துவிட்டார்களாம்.

"அங்க போய்ப் படுத்தா அப்புறம் நான் எந்திரிக்க மாட்டனுங்க," என்றார்.

பூரணி தலையை ஆட்டினாள்.

அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கட்டில் ஒன்று. தட்டு ஒன்று. டம்ளர் ஒன்று. துண்டு மாட்டக் கொக்கி ஒன்று. மேலே பெரிதாக, ஒத்தை ஆள் என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

இது ஞாயிற்றுக்கிழமை நடந்தது. திங்கட்கிழமைதான் பலகை பெரிதாகப் போனது.

"எத்தனை வேணும்னு நெனச்சீங்க?"

"இருபத்தேழு அங்குலம். என்ற ஒடம்புக்கு அது போதுமுங்க."

"எத்தனை வெட்டியிருக்கு?"

"நாப்பத்தெட்டு."

"நோட்டுல?"

ஆறுச்சாமி நோட்டை விரித்துப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு. என்ற கையெழுத்துத்தானுங்க."

"திரும்ப அளங்க," என்றாள் பூரணி. டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடி வந்து நின்றார். கை முழுக்க மரத்தூள்.

"வேற பலகை எடுத்து அளந்தனுங்க. அதும் நாப்பத்தெட்டாத்தான் வந்துச்சு."

"போட்டுட்டீங்களா?"

"போட்டுப் பார்த்தனுங்க. கனகச்சிதமா உக்காந்துக்குச்சு."

பூரணி எழுந்து வந்தாள்.

ஆறுச்சாமி வாங்கியிருந்தது முன்பு பன் ரொட்டி ஏற்றின வேன். வெயில் ஏறினால் தகரத்திலிருந்து பழைய பன் வாசனை வரும். உள்ளே ஏறினதும் பூரணி மூக்கைச் சுளித்தாள். இன்றைக்குப் பன் வாசனை இல்லை. வேறு ஏதோ ஒன்று. துணியில் கோடு போடுகிற சாக்கட்டி வாசனை மாதிரி இருந்தது.

"படுங்க," என்றாள்.

"இப்பவா?"

"படுத்துப் பாக்காத கட்டிலை எப்படிப் பெருசுன்னு சொல்றது? படுங்கண்ணா."

ஆறுச்சாமி கூச்சத்தோடு படுத்தார். தகரச் சுவரை ஒட்டி, ஒருக்களித்து. முதுகைச் சுருக்கிக்கொண்டார். கட்டிலில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

"நடுவுல படுங்க."

அவர் கொஞ்சம் நகர்ந்தார். மறுபடி சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்.

"என்ன?"

"அந்தப் பக்கம் ஒரே சூடுங்க அம்மிணி. வெயில் அடிக்குதாட்ட இருக்கு."

பூரணி காலியாகக் கிடந்த பாதியில் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

ஜன்னல் இன்னும் வெட்டவில்லை. கதவு வடக்கே பார்த்துத் திறந்திருந்தது. அந்தப் பக்கம் வெயில் விழ வழியே இல்லை.

உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவங்க எங்கயாச்சும் போகோணும்னு சொல்லியிருக்காங்களா?"

"யாருங்க?"

"உங்க சம்சாரம்."

ஆறுச்சாமி சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"கடலைப் பாக்கோணும்பா. தீபாவளி ஆர்டரு முடியட்டும்பேன். முடிஞ்சா பொங்கல் ஆர்டரு வந்துரும். இருபத்தாறு வருஷமா தீபாவளியும் பொங்கலும் மாத்தி மாத்தி வந்துட்டே இருந்துச்சுங்க."

"அப்புறம்?"

"இந்தப் பொங்கலுக்கு ஆர்டரே எடுக்கலைங்க. அவ இல்லை."

பூரணி வேனைவிட்டு இறங்கினாள்.

"பலகையை மாத்தோணுமுங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"நீங்கதான அளக்கறீங்க?" என்றாள்.

*

புதன்கிழமை அவர் சாப்பிடப் போகவில்லை. உச்சிப் பொழுது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. கொட்டகைத் தகரம் மட்டும் சூட்டில் டக், டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, எனக்கு மூளை கலங்கிப்போச்சுங்களா?"

"என்னாச்சு?"

"தட்டு வெக்க ஒரு தடுப்புத்தான் அடிச்சேன். ரெண்டு இருக்குது. கொக்கி ஒண்ணுதான் முறுக்குனேன். ரெண்டு தொங்குது. நாளைக்குப் பொழுதோட நான் கிளம்போணும். ஒத்தை ஆளுக்கு ஒரு வீடு கட்ட எனக்குத் தெரியலை."

அவர் அழவில்லை. டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூரணி அந்த டேப்பையே பார்த்தாள்.

"திரைக்கு எப்படிங்கண்ணா அளப்பீங்க?"

"அதெதுக்குங்க இப்ப?"

"சொல்லுங்க."

"நான் ஸ்டூல் மேல ஏறி ஒரு முனையைக் கம்பியோட வெச்சுப் பிடிப்பேன். மயிலு கீழ உக்காந்துட்டு இந்த முனையை இழுத்துப் பிடிப்பா. ரெண்டு சுண்டு சுண்டுவா. ரெடின்னு அர்த்தம். எவ்வளவும்பேன். அவ நம்பரைச் சொல்லுவா. நான் செவுத்தைப் பாத்துட்டே எழுதிக்குவேன்."

"இங்க?"

"இங்கயும் அப்படித்தானுங்க."

சொல்லிவிட்டு ஆறுச்சாமி நின்றுபோனார்.

கையிலிருந்த டேப்பின் மறுமுனையைப் பார்த்தார்.

பூரணி தன் இரும்பு டேப்பை எடுத்தாள். அதன் நுனியிலிருந்த கொக்கியை மேசை விளிம்பில் மாட்டி இழுத்தாள். ஒற்றைக் கையால். அது விரைப்பாக நின்றது.

"இதுல கொக்கி இருக்குது," என்றாள். "உங்கள்துல இல்லை."

டேப்பை விட்டாள். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"வாங்க. என் முன்னால ஒரு தடவை அளங்க."

*

ஆறுச்சாமி வேனுக்குள் ஏறினார். பூரணி கதவோரம் நின்றாள். உள்ளே வரவில்லை.

அவர் தகரச் சுவரோடு டேப்பின் முனையை வைத்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். மிச்சத்தைக் கீழே விட்டார். அது பலகை மேல் கொத்தாக விழுந்தது.

காற்று இல்லை.

பழக்கம் போல அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொத்தாகக் கிடந்த மஞ்சள் டேப் மெதுவாகப் பிரிந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பலகையிலிருந்து எழும்பியது. குறுக்கே போய், கட்டிலின் விளிம்பில் நேராக, விரைப்பாக நின்றது.

பூரணி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை வேன்களைப் பார்த்தவள்.

"அண்ணா. அந்த முனையை யாரு பிடிச்சிருக்காங்க?"

ஆறுச்சாமி திரும்பவில்லை.

கட்டை விரலுக்கடியில் டேப் லேசாக இரண்டு முறை சுண்டியது.

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நோட்டைத் தொடைமேல் விரித்து, 'ஒத்தை ஆள்' என்பதை அடித்தார்.

"சொல்லு மயிலு," என்றார். "நாளைக்குக் கடலுக்குக் கிளம்போணும்."