எஞ்சின் சூடாகட்டும்

"அம்மா, இந்த வருஷமாவது எனக்குக் காவி குடுப்பீங்களா?" என்று கேட்டார் வேதாசலம்.

ஏரி நடுவில் இருக்கிற தீவு மடம் அது. மடத்தை நடத்துகிற செங்கமலம் அம்மாள் வேதாசலத்தை விடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அவர் அம்மா என்பார். அவள் அண்ணே என்பாள்.

"படகை ஏத்துற வேலை என்னாச்சுண்ணே?" என்றாள்.

ஐப்பசி பிறந்தால் அந்த ஏரியில் காற்று பொல்லாதது. மடத்து எஞ்சின் படகைக் கரையேற்றி மூடிவிட்டால் தை மாதம்தான் இறக்குவார்கள். அதுவரை யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது.

"எல்லாம் ஆச்சும்மா. டீசல் நிரப்பிட்டேன். கிரீஸ் வச்சிட்டேன். தார்ப்பாய் எடுத்து வச்சிருக்கேன். எஞ்சின்ல இருக்கிற பழைய எண்ணெயை இறக்கிட்டா மேலே இழுத்துடலாம்."

"அப்ப இறக்குங்க."

துறையில் கட்டிக் கிடந்த படகில் வேதாசலம் இறங்கினார். எஞ்சின் பெட்டியின் மூடியைத் தூக்கினார். அடியில் ஒரு தகர டின்னை வைத்தார். ஸ்பானரை எடுத்தார்.

அம்மாளும் வந்து குறுக்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

"இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. எல்லாத்தையும் விட்டுட்டேன். உள்ள ஒரு சலனமும் இல்ல. இன்னும் என்ன குறை எங்கிட்ட?"

"எஞ்சினை ஓட்டுனீங்களா?"

"எதுக்கும்மா? எண்ணெயைக் கொட்டத்தானே போறோம்."

"ஆறிப்போன எஞ்சின்ல திறந்தா இளகினது மட்டும் வரும். கசடு அடியிலயே ஒட்டிக்கும். மூணு மாசம் உக்காந்து இரும்பைத் தின்னும். படகு ஓட்டிப் பொழைச்ச ஆளுக்கு இதை நான் சொல்லணுமா?"

"தெரியும்மா. அவசரத்துல விட்டுட்டேன்."

"காவித்துணி எங்கயும் ஓடிடாது. ஓட்டுங்க."

அவர் கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் ரெண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பலகை, டின், ஸ்பானர் எல்லாம் அதிர்ந்தன.

அது சூடாகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டை விட்டு வரும்போது என்ன சொல்லிட்டு வந்தீங்க?" என்றாள் அம்மாள்.

வேதாசலம் ஏதோ முனகினார்.

"என்னது?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"என்ன சொல்லிட்டு?"

"பிள்ளைக்குக் காய்ச்சல்..."

"காதுல விழலண்ணே! எஞ்சின் கத்துது!"

"பிள்ளைக்குக் காய்ச்சலம்மா..."

"சத்தமா!"

"பிள்ளைக்குக் காய்ச்சல்! மருந்து வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்!"

துறைக் கம்புகளில் உட்கார்ந்திருந்த நீர்க்காகங்கள் எழுந்து பறந்தன.

அம்மாள் கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினாள்.

ஏரியில் ஒரு சத்தமும் இல்லை.

"பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

"ஆறு," என்றார். பிறகு, "இருந்தா, ஆறு."

அம்மாள் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடாயிடுச்சு. திறக்கிறதுன்னா இப்பவே திறக்கணும்."

அவர் குனியவில்லை.

"முதல்ல சொன்னது நெசமாவே உங்களுக்குக் கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சு."

வேதாசலம் அக்கரையைப் பார்த்தார். பிறகு ஸ்பானரைக் கீழே வைத்தார். எஞ்சின் பெட்டியை மூடினார்.

"காத்து கிளம்ப இன்னும் எத்தனை நாளும்மா இருக்கு?"

"நாலு நாள் இருக்கும்," என்ற அம்மாள், எழுந்து கரையேறி, கட்டுக்கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் போட்டாள்.