கருவியிடம் சொன்ன பொய்

அப்துல் கபூருக்கு நாற்பத்தொன்பது வயது. பாதி வாழ்க்கை சர்வர் அறையின் குளிரில் கேபிள் மாட்டியே கழிந்தது. எல்லாம் கிளவுடுக்குப் போன பிறகு, அதைப் புதிதாகப் படிக்க ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த குரு தமயந்திக்கு வயது முப்பத்துமூன்று. அறுபது மருத்துவமனைகளுக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டுசேர்க்கும் கோயம்புத்தூர் நிறுவனம் அது. அதன் மொத்த கிளவுடும் தமயந்தியின் பொறுப்பு.

ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பிய கபூர், பையைக்கூட இறக்கி வைக்காமல் தமயந்தியிடம் வந்தார்.

“மேடம், ஒரு புது டூல் பார்த்தேன். சர்வர் படுத்துட்டா, நாம பார்க்கறதுக்குள்ள அதுவே எழுப்பி விட்டுடுது. திங்கட்கிழமையே எல்லா சர்வர்லயும் போட்டுடலாங்களா?”

“நல்லா இருக்கே. அது தப்பு பண்ணினா எப்படிப் பண்ணும்?”

கபூர் யோசித்தார். “தப்பு பண்ணி நான் பார்க்கலீங்களே.”

“சோதனை சர்வர்ல போடுங்க சார். போட்டுட்டு, அதுகிட்ட ஒரு பொய் சொல்லிப் பாருங்க.”

“பொய்யா?”

தமயந்தி அதற்குள் அடுத்த போனை எடுத்துவிட்டார்.

கருவியிடம் என்ன பொய் சொல்வது? கையிலிருந்த டீ ஆறும்வரை கபூர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு பிடிபட்டது. ‘நல்லா இருக்கியா’ என்று டூல் சர்வரை அடிக்கடி கேட்கும். ‘இருக்கேன்’ என்று சர்வர் பதில் சொல்லும். அந்தப் பதில் மட்டும் போய்ச் சேராதபடி வழியை அடைத்தார். சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. மாதிரி முடிவுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

பதில் வராததால் டூல் அந்த நல்ல சர்வரை அணைத்து எழுப்பியது. ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று திரையில் பச்சை எழுத்து. சற்று நேரத்தில் மறுபடி அணைத்தது. மறுபடி ‘பிரச்சினை தீர்ந்தது’. கபூருக்குச் சிரிப்பு வந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் பிரச்சினை நாற்பத்தொரு முறை தீர்ந்திருந்தது. முடிவுகளோ பாதி வழியில் அறுந்து கிடந்தன.

சிரிப்பு நின்றது. போன வருடம் டெங்கு வந்து மனைவி ஐசியூவில் கிடந்தபோது, பிளேட்லெட் எண்ணிக்கைக்காக லேப் கவுன்ட்டர் முன்னால் காத்து நின்றது ஞாபகம் வந்தது.

சாப்பிடப் போகவில்லை. டூலின் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து படித்தார். ‘மூன்று முறை எழுப்பியும் சரியாகாவிட்டால் நிறுத்து, ஆளைக் கூப்பிடு’ என்று சொல்லிவைக்க உள்ளே ஓர் இடம் இருந்தது. கருத்தரங்கில் யாரும் அதைக் காட்டவில்லை. அதைப் போட்டுவிட்டு மறுபடி பொய் சொன்னார். மூன்றாவது முறையோடு டூல் நிறுத்திக்கொண்டது. கபூரின் போன் அடித்தது.

நடந்ததை எல்லாம் தமயந்தியிடம் சொன்னார்.

“கடைசியில சரியாத்தான் நின்னுது மேடம். ஆனா மனசு வரல. வேணாம்னு எழுதிடட்டுங்களா?”

“ஏன் சார்?”

“அது மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சுங்க.”

“போகட்டும். அந்த நம்பிக்கை கருத்தரங்குல கொடுத்து அனுப்பினது. உங்களோடது இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஒரே ஒரு நிஜ சர்வர்ல போடுங்க.”