தூம்பில் முளைத்த அரசங்கன்று

ஒரு கேள்வி சில நாட்களாக என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். வழியில் சின்னச் சின்ன விஷயங்கள் வரும், ஒன்றையும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

நெடுங்கல்லூரில் பூசை நின்றுபோன கற்கோயில் ஒன்று உண்டு. அதன் மண்டபத்து விதானத்தில் ஒரு பழைய ஓவியம். கடலில் போகும் பாய்மரக் கப்பல். அதன் விளிம்பில் உட்கார்ந்து தலை வாரும் ஒரு பெண். அவளுக்காகவே நான்கு வருடத்துக்கு முன் கோயில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அன்றைக்குக் கோயிலை மேலிருந்து எடுத்த பெரிய புகைப்படம் கோயில் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே இரண்டே வரியில் விதி: "பட்டியலில் ஏறிய நாளில் இருந்த நிலை மாறாமல் காக்க வேண்டும். அனுமதியின்றி எதையும் சேர்க்கவோ அகற்றவோ கூடாது."

அந்தப் படத்துக்குத் தினமும் தூசி தட்டுகிறவள் செங்கமலம். தினக்கூலிக்குக் கோயிலைப் பெருக்குகிறாள். அவள் வீட்டாருக்கு முன்பு வேறு வேலை. புரட்டாசிக் கடைசியில் கோயிலின் கூரைத் தளத்தில் ஏறுவார்கள். செருப்பில்லாமல், கீழே சுவர் ஓடும் கோட்டின்மேல் மட்டும் கால் வைத்து நடந்து, சருகை அள்ளி, தண்ணீர் வெளியேறும் தூம்பைத் திறந்துவிட்டு இறங்குவார்கள். செடி முளைத்திருந்தால் அறுப்பார்கள், பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால் வேரோடு கல்லும் பெயர்ந்துவிடும். பட்டியலில் ஏறிய மறுமாதமே அந்த வேலை தடுக்கப்பட்டது. தரையைப் பெருக்கலாம், தளத்தைத் தொடக்கூடாது.

இந்த ஐப்பசியில் தூம்பு வாயில் ஓர் அரசங்கன்று நின்றது. இரண்டு மழைக்காலம் பார்த்த கன்று, முழங்கால் உயரம். கீழேயிருந்தே தெரிந்தது. செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"சார், தூம்பு அடைச்சுக்கிச்சு. தண்ணி மேலயே நின்னா கப்பல்லதான இறங்கும்?" என்றாள் கோயில் அலுவலகத்து அதிகாரி மதிவாணனிடம்.

"மூணு கடிதம் எழுதிட்டேன்மா. நிபுணர் வந்து பாத்துதான் கை வைக்கணும்."

"மழை கடுதாசியப் பாத்துட்டா சார் வரும்?"

"இன்னிக்கு நீ செடிய அறுப்ப. நாளைக்கு இன்னொருத்தன் நல்லது பண்றேன்னு சிமெண்டைப் பூசுவான். பக்கத்து மாவட்டத்துல அப்படிப் பூசித்தான் ஒரு கோயில் பேரே கெட்டுப்போச்சு."

அவர் பயமும் பொய்யில்லை. மழை தொடங்கிய மூன்றாம் நாள், அனுமதியைக் கையோடு வாங்கிவர அவரே தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்.

அன்று காலை கப்பலின் பாய்மரத்தருகே உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. செங்கமலம் பெருக்குவதும் அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தாள். பத்து மணிக்குள் ஈரம் இரண்டு கை அளவாகிவிட்டது. அவள் மண்டபத்து வாசலில் இருந்த காவலாளி சவரிமுத்துவிடம் ஓடினாள்.

"படிச் சாவியக் குடுங்கண்ணே."

"யாரையும் மேல விடமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் தங்கச்சி. ஓய்வுக்கு எட்டு மாசந்தான் இருக்கு. இந்த வயசுல என்னைய வம்புல மாட்டாத."

"அப்ப ஒரு குடையாவது குடுங்க. அந்தப் பொண்ணு தலையில பிடிக்கிறேன்."

சவரிமுத்து சிரித்துவிட்டார். சிரித்தபடி அண்ணாந்தவர் பரவும் ஈரத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பதிவேட்டில் எழுதினார்: "காலை பத்தேகால். செங்கமலத்தைத் தளத்துக்கு அனுப்பியது நான்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். சுவர்க் கோட்டின்மேல் நடந்து, கன்றை ஒருமுறை கும்பிட்டு, அரிவாளால் அடியோடு அறுத்தாள். தூம்பு வாய்ச் சேற்றைக் கையாலேயே அள்ளினாள். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். கன்று, சருகு, சேறு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி இறக்கினாள். ஈரம் அதற்கு மேல் பரவவில்லை.

மாலையில் மதிவாணன் வெறுங்கையோடு திரும்பினார். நிபுணர் அடுத்த மாதம்தான் வருவாராம். சாக்கைப் பிரித்துப் பார்த்தார். "அடுத்த வாரம் பட்டியல் குழு வருது. நாளையிலேருந்து நீ வரவேண்டாம்மா," என்றார்.

குழுவின் தலைவி வந்தபோது மதிவாணன் எதையும் மறைக்கவில்லை. விதி மீறப்பட்டதைத் தானே சொன்னார். சவரிமுத்து பதிவேட்டை நீட்டினார். செங்கமலம் வாசலில் சாக்கோடு நின்றாள். வேலை போனது போனதுதானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சொல்லுங்கள். அனுமதிக்காகக் காத்திருந்தவர், சொன்ன சொல்லை மீறிச் சாவி கொடுத்தவர், மேலே ஏறி அறுத்தவள். இந்த மூவரில் அந்த விதியைக் காத்தவர் யார்?

விடை: தலைவி சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, சாக்கின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான்கு வருடத்துக்கு முந்தைய தளம், துடைத்தது போலிருந்தது. தூம்பு வாய் திறந்திருந்தது. கன்றுக்கு வயது இரண்டே மழை. அந்த நாளில் அது அங்கே இல்லை. மதிவாணன் இரண்டாம் வரியைப் பிடித்துக்கொண்டு முதல் வரியை நனையவிட்டார். சிமெண்டுக்குப் பயந்தது சரி, ஆனால் செங்கமலம் ஒரு துளி சுண்ணாம்புகூடச் சேர்க்கவில்லை. பின்னால் வந்து சேர்ந்ததைத்தான் எடுத்தாள். சவரிமுத்து வாக்கை மீறினார், மீறியதைத் தன் பேரிலேயே எழுதிவைத்தார். விதியைக் காத்தவள் செங்கமலம். இனி ஒவ்வொரு புரட்டாசியும் அவள் தளத்தில் ஏறலாம் என்று எழுத்தில் வந்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு நிம்மதியில்லை. அறுத்த கன்றின் வேர் கல்லுக்குள்தானே இருக்கிறது? இப்போதும் பெருக்குகிறாள், பாதியில் நின்று அண்ணாந்து பார்க்கிறாள்.