தலைவர் துக்கம் கேட்கப் போனது

ஆற்றுக்கு அக்கரை நாட்டிலிருந்து வந்த சிலர், தலைநகரின் ரயில் நிலையத்தில் குண்டு வைத்தார்கள். ஊருக்குப் போகக் காத்திருந்த கூட்டம் சிதறிப்போனது.

நாட்டின் தலைவன் சேந்தன். அவனுக்கு அரசியல் கற்றுக்கொடுத்தவர் அஞ்சுகம் அக்கா. பஞ்சாலை வாசலில் துண்டறிக்கை கொடுத்த காலத்திலேயே இருவரும் சேர்ந்து அடி வாங்கியவர்கள். விடுதலை வந்தபோது சேந்தனுக்கு நாடு கிடைத்தது, அக்காவுக்கு மூட்டுவலி கிடைத்தது. அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வேண்டுமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் மதியம் சேந்தன் அக்காவைத் தேடி வந்தான்.

"சாப்பிட்டியாடா?"

"எங்கக்கா சாப்பிட? சாயங்காலம் வானொலியில பேசணும். எழுதிட்டேன். ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க."

வாசித்தான். குண்டு வைத்தவர்கள் அக்கரையில் ஓர் ஊரில் ஒளிந்திருக்கிறார்கள், விடிவதற்குள் விமானங்கள் அந்த ஊரைத் தரைமட்டமாக்கும் என்றது உரை.

"தமிழ் நல்லா இருக்கு. தலையில குட்டிச் சொல்லிக்கொடுத்தது வீண் போகல."

"அப்போ பேசிடலாமா?"

"துக்கம் கேட்கப் போனியா?"

"எல்லா வீட்டுக்கும் மலர்வளையம் அனுப்பிட்டேன்."

"மலர்வளையம் உட்கார்ந்து அழுமா? எந்திரி."

அடுத்த தெருவில் மாசிலாமணி வீடு. நிலையத்தில் பூ விற்ற அவருடைய ஒரே மகள் செத்துப்போயிருந்தாள். காவலர்கள் முன்னால் ஓடினார்கள்.

"அவங்களை முனையில நிக்கச் சொல்லு. செத்த வீட்டுக்குப் போறோம், மாநாட்டுக்கு இல்ல."

உள்ளே யாரும் வாங்க என்று சொல்லவில்லை. யாரும் நாற்காலி தேடவில்லை. சேந்தன் ஒரு கணம் தடுமாறினான். பிறகு தரையில் உட்கார்ந்தான். மாசிலாமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சேந்தனும் அழுதான். பல வருடங்களுக்குப் பிறகு, படம் எடுக்க ஆளில்லாத இடத்தில் அழுதான்.

"செஞ்சவனை விடாதீங்க ஐயா."

"அந்த ஊரையே விடமாட்டேன்."

"ஊரையா?" என்றார் மாசிலாமணி. பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, மகளின் படத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சற்று நேரம் கழித்து சேந்தன் எழுந்தான். எத்தனையோ கூட்டங்களில் செய்த பழக்கம். கைகள் தாமாகக் குவிந்தன.

"அப்போ நான் போயிட்டு வ..."

அக்கா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். பொத்திய கையோடு தெருவுக்கு இழுத்து வந்தார்.

சேந்தனின் முகம் கறுத்துவிட்டது.

"நல்ல வேளை அக்கா. இழவு வீட்டுல போய் வரேன்னு சொல்லப் பார்த்தேனே. இன்னொரு சாவுக்கு வரேன்னு சொன்ன மாதிரி ஆயிருக்கும்."

"விடுடா. மேடைப் பழக்கம்."

"நீங்க மட்டும் பக்கத்துல இல்லேன்னா..."

அக்கா அவன் தோளில் நழுவியிருந்த துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டார்.

"இங்கே இருந்தேன், பொத்திட்டேன். சாயங்காலம் வானொலி நிலையத்துக்குள்ள என்னை விடமாட்டாங்களே, சேந்தா."