இனிப்பைக் குடத்தில் அடைத்தவன்

முன்னொரு காலத்திலே, கழுதைகூடச் சுருதி சேர்த்துப் பாடிய காலத்திலே, கன்னல்புரி என்றொரு தேசம். அங்கே வெல்லம் காய்ச்சுகிறவள் பூவாத்தா. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். கொப்பரைப் பக்கம் யார் வந்தாலும், திருடனே வந்தாலும், ஒரு துண்டு வெல்லம் கொடுக்காமல் அனுப்பமாட்டாள்.

ஒருநாள் காலை வெல்லம் இனிக்கவில்லை. தேன் இனிக்கவில்லை. மாம்பழம் இனிக்கவில்லை. எல்லாம் மண்! இளவரசி கல்யாணப் பாயசத்தை வாயில் வைத்த ராஜா "தூ!" என்று துப்பினார். வெல்லம் கொண்டுவந்த பூவாத்தாவின் புருஷன் வீரணனைச் சிறையில் தள்ளினார்.

"பொழுது சாய்வதற்குள் பாயசம் இனிக்கணும். இல்லாவிட்டால் இவன் தலை இருக்காது!"

ஊரே அழுதது. மலைமேல் ஒருத்தன் மட்டும் சிரித்தான். அவன் மந்திரவாதி காரகண்டன். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததுமே, இது அவன் வேலைதான் என்று பூவாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்தாள், ஒரு துண்டு வெல்லத்தை முந்தானையில் முடிந்தாள், விறுவிறுவென்று மலை ஏறினாள்.

காரகண்டன் ஒரு செப்புக் குடத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான்.

"உலகத்து இனிப்பெல்லாம் இதுக்குள்ளே! மந்திரக்கட்டு போட்டிருக்கேன், தானா வெளியே வராது. இனி எனக்கு மட்டும்தான்!"

"அடேயப்பா! ருசி எப்படி இருக்கு சாமி?"

"இதோ பார்!" என்று விரலை விட்டு நக்கினான். ஒன்றுமில்லை. முழங்கை வரை விட்டு நக்கினான். ஒன்றுமில்லை. தலையையே விட்டு நக்கினான். ம்ஹூம், ஒன்றுமே இல்லை! அவ்வளவு பெரிய மந்திரவாதி குழந்தைபோல உதட்டைப் பிதுக்கினான்.

"ஏன் சாமி, இனிப்பைப் பிடிச்சீங்க, சரி. இனிக்கிறதுக்கு ஒரு பண்டம் வேண்டாமா? தோசை இல்லாம தோசையோட வட்டத்தை மட்டும் தின்ன முடியுமா?"

"அப்போ நான் என்னதான் பண்ணுவேன்?"

பூவாத்தா முந்தானையை அவிழ்த்து, வெல்லத்தைக் குடத்துக்குள் போட்டாள். உள்ளே அனாதையாகக் கிடந்த இனிப்பு, தாயைக் கண்ட கன்றாக அதில் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. காரகண்டன் அதை எடுத்து வாயில் போட்டான். ஆகா! கண் தானாக மூடியது.

அவள் நினைத்தது பலித்தது. இனிப்புக்குத் துண்டு துண்டாகப் பிரியத் தெரியாது. ஒரு வெல்லத்தில் முழுசாக வந்தால், உலகத்தில் இனிக்கிற அத்தனையிலும் முழுசாக வந்தாகவேண்டும். கட்டு பட்டென்று அறுந்தது! கீழே தேன் இனித்தது, மாம்பழம் இனித்தது, பாயசம் இனித்தது. ராஜா வெட்கப்பட்டுத் தன் கையாலேயே வீரணனின் விலங்கைக் கழற்றினார்.

"அடிப்பாவி, ஏமாத்திட்டியே!" என்று கத்த நினைத்தான் காரகண்டன். வாயைத் திறந்தால் வெல்லம் விழுந்துவிடுமே! சப்பி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டான்.

"இப்போ ஊரே தின்னுது. எனக்கு ஏன் கொஞ்சம்கூடக் குறையலை?"

"அது குறையாது சாமி. வாங்க, கல்யாணச் சாப்பாடு ஆறிப்போகும்."

அன்றைக்குக் கல்யாணத்தின் முதல் பந்தியிலேயே மூன்று தரம் பாயசம் கேட்டவன் அவன்தான். கதை கேட்டவர்களே, கையில் வெல்லம் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு துண்டு கொடுங்கள்!