ஆறு சிப்பியும் ஒரு சிரட்டையும்

ஓர் ஊரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் ஏழு வில்லைகள். பெரிய முக்கோணம் இரண்டு, நடுத்தரம் ஒன்று, சின்ன முக்கோணம் இரண்டு, ஒரு சதுரம், ஒரு சாய்ந்த கட்டம். வெளியே எடுத்து அடுக்கினால் வாத்து வரும், படகு வரும், குடம் சுமக்கும் பெண் வருவாள். திரும்ப வைக்கும்போது மட்டும் ஏழும் சேர்ந்து ஒரே சதுரமாகப் படுத்துக்கொள்ள வேண்டும். மயிரிழை பிசகினாலும் பெட்டி மூடாது.

ஏழில் ஆறு, முத்துச்சிப்பியில் அறுத்தவை. நூறு வருஷப் பழசு. சாய்கட்டம் மட்டும் சிரட்டை. முதலில் இருந்தது எப்போதோ தொலைந்துபோக, எவரோ ஒருவர் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து அந்த இடத்தில் வைத்திருந்தார்.

சிப்பிகளுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏய் சிரட்டை, உன் சித்தப்பன் குழம்புச் சட்டியிலதானே அகப்பையா கிடக்கான்?" என்றது பெரிய முக்கோணங்களில் ஒன்று.

"ஆமா. நல்லாத்தான் இருக்கான்."

"கொஞ்சம் தள்ளிப் படு. உன் கறுப்பு எங்க மேல ஒட்டிரப் போகுது."

"தள்ளிப் படுக்க இடம் இருந்தாத்தானே" என்றது சிரட்டை.

பெட்டிக்குச் சொந்தக்காரர் ஞானதிரவியம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இந்த மாதிரிப் பழைய வில்லைப் புதிர்கள் எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுவார். அலமாரியில் பதினான்கு பெட்டிகள். வருஷத்துக்கு ஒருமுறை மதுரையில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். அசல் ஏழும் இருக்கிற பெட்டிக்குத்தான் அங்கே காட்சிக்கு வைக்க மேஜை கொடுப்பார்கள். சிப்பிப் பெட்டியை அங்கே வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆறு வருஷ ஆசை.

கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, பழம்பொருள் வியாபாரி ஒருவர் கூரியரில் ஒரு பொட்டலம் அனுப்பினார். பஞ்சுக்குள் ஒரு சிப்பிச் சாய்கட்டம். அதே பளபளப்பு, அதே வயசு.

ஞானதிரவியம் சிரட்டையை எடுத்து, உடைந்த பிரேம்கள் கிடக்கிற இழுப்பறையில் போட்டார். புதிதாக வந்ததை அதன் இடத்தில் வைத்தார்.

"வா தாயி, வா. இப்பத்தான் வீடு வீடு மாதிரி இருக்கு" என்றன சிப்பிகள்.



ஞானதிரவியம் மூடியைச் சாத்தினார். மூடவில்லை. அழுத்தினார். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. புதிய சாய்கட்டம் ஒரு நூல் பெரிது.

அவர் கலங்கவில்லை. பிரேமுக்குப் பொருந்தாத கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்தே முப்பது வருஷம் பிழைத்தவர். சாணைக்கல்லை எடுத்து மேஜையில் வைத்து, தண்ணீர் கொண்டுவரப் போனார்.

"பயப்படாத. ஒரு நூல்தான், வலிக்காது" என்றது சதுரம்.

"வலிக்குப் பயமில்லக்கா. தேய்ச்சிட்டா எங்க பெட்டியில நான் பொருந்த மாட்டேன்."

"உனக்குப் பெட்டி இருக்கா?"

"போன வாரம் வரைக்கும் அதுலதான் இருந்தேன். ஏழு பேர். இப்ப ஆறு பேர் அங்க என்ன பண்ணுதாங்களோ."

சிப்பிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று குறைந்து கிடந்த காலம் அவற்றுக்கு மறக்கவில்லை. யாராவது பெட்டியைத் தூக்கினால் ஆறும் இங்கும் அங்கும் சறுக்கி இடித்துக்கொள்ளும். ஓட்டையைப் பார்த்துவிட்டு, விளையாட எடுத்தவர்களும் கீழே வைத்துவிடுவார்கள்.

"நம்மளுக்கு என்ன, மூடி மூடணும். அவ்வளவுதானே" என்றது பெரிய முக்கோணம். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

ஞானதிரவியம் வந்தார். வில்லைகளை வரிசையாக வெளியே எடுத்து வைத்தார். சாய்கட்டத்தைக் கல்லில் வைக்கப்போகிற நேரத்தில், சதுரம் மேஜை விளிம்பிலிருந்து குதித்தது.

சத்தம் கேட்டு அவர் மனைவி ரெபேக்காள் விளக்குமாறோடு வந்தாள். இருவரும் குனிந்து தேடினார்கள். பீரோவுக்கு அடியில் சதுரம் கிடைத்தது. ஒரு மூலை பொடிந்திருந்தது.

"போச்சு" என்றார் ஞானதிரவியம்.

"இந்தக் கல்லை எதுக்கு எடுத்திய?"

அவர் விஷயத்தைச் சொன்னார். ரெபேக்காள் சாய்கட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"தேய்ச்சா இங்க மூடும், சரி. நாளைக்கு இதோட பெட்டி வந்து நின்னா, அதுல லொடலொடன்னு ஆடும்லா? அந்த யாவாரிகிட்ட கேட்டியளா, இது எங்கேருந்து வந்துச்சின்னு?"

அவர் கேட்டிருக்கவில்லை. இப்போது போன் போட்டார்.

"முழு செட்டுதான் சார்" என்றார் வியாபாரி. "உங்களுக்குன்னுதான் பிரிச்சேன். மிச்சம் ஆறும் இருக்கு. உங்களை மாதிரி ஒண்ணு ரெண்டு தொலைச்சவங்க கேப்பாங்க."

ஞானதிரவியம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, கேட்டதை மனைவியிடம் சொன்னார்.

"நம்ம பெட்டியையும் எவனோ இப்படித்தான் பிரிச்சிருப்பான், என்ன?" என்றாள் ரெபேக்காள்.

"மிச்சத்தைப் பிரிக்காதிய" என்றார் அவர் போனில். "ஆறையும் பெட்டியோட எனக்கே அனுப்பிருங்க."

"சண்டே கூட்டத்துக்குள்ள வராதே சார்."

"வராட்டி இருக்கட்டும். இந்த வருஷம் நான் போகல."

சாய்கட்டம் திரும்பவும் பஞ்சுக்குள் போனது, ஆறு பேரை எதிர்பார்த்துக்கொண்டு.

ரெபேக்காள் இழுப்பறையைத் துழாவிச் சிரட்டையை எடுத்தாள். முந்தானையில் துடைத்து அதன் இடத்தில் வைத்து, ஒற்றை விரலால் மூடியைத் தள்ளினாள். மூடிக்கொண்டது.

உள்ளே இருட்டானது. பெரிய முக்கோணம்தான் முதலில் கேட்டது.

"வந்தவ எங்க இனம். அவளை வச்சா மூடல. உன்னை வச்சா மூடுது. அது எப்படி?"

"அவளை அறுத்தவன் உங்களைப் பார்த்ததே இல்ல" என்றது சிரட்டை. "என்னை அறுத்தவன் உங்க ஆறு பேரையும் முன்னால வச்சுக்கிட்டுத்தான் அறுத்தான்."